கூட்டம் வரவில்லை, ஆட்டம் வளர்ந்தது: ஜோயல் ரெட்டோர்னாஸும் இத்தாலியக் கர்லிங்கும்

2006 பிப்ரவரியில் துரின் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, கர்லிங் போட்டிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பினெரோலோ என்ற சிறு நகரம். போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று எதுவும் ஆடாமலே இத்தாலிய ஆண்கள் அணிக்கு இடம் கிடைத்திருந்தது. அதன் தலைவர் ஜோயல் ரெட்டோர்னாஸ், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பிறந்த 22 வயது இளைஞர். அந்த அணியிடம் யாரும் அதிகம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் லீக் ஆட்டங்களில் ஒன்றில் அது கனடாவை 7-6 என்று வென்றது. அந்தக் கனடா அணிக்குத் தலைவர் பிராட் குஷு. அதே போட்டியில் பின்னர் தங்கம் வென்றவர். ஒன்பது ஆட்டங்களில் நான்கு வெற்றியுடன் இத்தாலி ஏழாம் இடம் பெற்றது. பதக்கம் இல்லை, ஆனால் கர்லிங் என்றால் என்னவென்றே அறியாத இத்தாலியத் தொலைக்காட்சி நேயர்கள் அந்த இரண்டு வாரங்களில் அந்த ஆட்டத்தை ஆர்வத்தோடு பார்த்தார்கள். ரெட்டோர்னாஸின் முகம் நாடறிந்த முகமாயிற்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2024-இல், அவர் தலைமையிலான அணி உலக ஆண்கள் கர்லிங் போட்டியில் வெண்கலம் பெற்றது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இதற்கு எளிதாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு. ஒலிம்பிக்கை நடத்தினால் மக்கள் கவனம் திரும்பும். கவனம் திரும்பினால் ஆட வருவோர் பெருகுவர். பெருகியவர்களிலிருந்து திறமை வடித்தெடுக்கப்படும். அதிலிருந்து பதக்கம் வரும். விளையாட்டு அமைச்சகங்களும் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுக்களும் செலவுக்கு நியாயம் சொல்லும்போது பெரும்பாலும் இந்த வாதத்தையே முன்வைக்கின்றன. ரெட்டோர்னாஸின் ஆட்ட வாழ்க்கை இதை மெய்ப்பிப்பதாக மேலோட்டமாகத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அது காட்டுவது வேறொன்று. இத்தாலியில் கூட்டம் வரவே இல்லை. பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்த 2022-இலும் அங்கே பதிவு பெற்ற கர்லிங் ஆட்டக்காரர்கள் சில நூறு பேர்தான். வெற்றி வந்தது கூட்டத்தால் அல்ல. ஒரு சிறு குழு கலையாமல் நீடித்ததாலும், அது நீடிப்பதற்கான பனித்தளமும் ஊதியமும் எதிராளிகளும் கிடைத்ததாலும்தான் வந்தது. சிறிய விளையாட்டுகளில் எண்ணிக்கையைவிடத் தொடர்ச்சியே முதன்மையான மூலதனம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இது ஏன் கர்லிங்குக்குக் குறிப்பாகப் பொருந்துகிறது என்பதற்கு ஆட்டத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தின் ஒரு முனையிலிருந்து சுமார் 20 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லை வழுக்கிவிட வேண்டும். அது மறுமுனையில் வரையப்பட்ட வட்டங்களின் மையத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதே கணக்கு. அணிக்கு நால்வர், ஆளுக்கு இரண்டு கல். இரு அணிகளும் தங்கள் 16 கற்களையும் விட்டு முடித்தால் ஓர் ‘எண்ட்’. ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் ஓர் ஆட்டத்துக்குப் பத்து எண்ட். ஆட்டத்துக்கு முன் தளத்தின்மீது நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைத்து, சின்னச்சின்னப் புடைப்புகளை உண்டாக்குவார்கள். கல் அந்தப் புடைப்புகளின் மேல்தான் ஓடுகிறது. ஆட்டம் நடக்க நடக்க அவை தேய்கின்றன. கல்லின் வேகமும் வளைவும் மாறிக்கொண்டே போகின்றன. ‘ஸ்கிப்’ எனப்படும் அணித்தலைவர் மறுமுனையில் நின்று இந்த மாற்றங்களைக் கணித்து, எந்தக் கல் எங்கே போக வேண்டும், ஓடும் கல்லுக்கு முன்னே பனியைத் துடைப்பவர்கள் எப்போது அழுத்தித் துடைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறார். கடைசிக் கல்லை விடும் உரிமை தன்னிடம் இருக்கும்போது ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வதா, அல்லது யாருக்கும் புள்ளி இல்லாமல் அந்த எண்டை முடித்து உரிமையை அடுத்த எண்டுக்குக் கொண்டுபோவதா என்பதையும் அவரே முடிவு செய்கிறார். உடல் வலிமை இளமையிலேயே கைகூடும். பனியைப் படிக்கும் கண்ணும் எதிராளியின் மனக்கணக்கை ஊகிக்கும் பழக்கமும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகே கூடுகின்றன. ஆகவே நல்ல ஸ்கிப் ஒருவரை ஒரு நாடு பெறுவதற்கான விலை, பெருமளவு, காலம்தான்.

2006-க்குப் பிந்தைய ஆண்டுகள் இந்த விலை எவ்வளவு என்பதைச் சொல்கின்றன. இத்தாலிய ஆண்கள் அணி 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. 2014 சோச்சிக்கும் இல்லை. துரினில் எழுந்த பேரார்வம் உண்மையிலேயே வெற்றியாக மாறும் வகையைச் சேர்ந்ததென்றால், அதன் பயன் இந்த எட்டு ஆண்டுகளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பெண்கள் அணியின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. துரினில் கடைசி இடத்தில் முடித்த டயானா காஸ்பாரியின் அணி, அதே ஆண்டு டிசம்பரில் பாசெல் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி வென்றது. ஒலிம்பிக் தந்த உந்துதல் என்று இதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த உச்சத்துக்குப் பின் 2010, 2014, 2018, 2022 என்று நான்கு ஒலிம்பிக்குகளுக்கு இத்தாலியப் பெண்கள் அணி தகுதி பெறவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சம்மேளனம், ஒரே நாடு, அதே ஒலிம்பிக் விளம்பரம். பெண்கள் அணிக்கு உச்சம் முதலில் வந்தது, நிலைக்கவில்லை. ஆண்கள் அணிக்குத் தாமதமாக வந்தது, நிலைத்தது. எனவே வேறுபாட்டை விளம்பரத்தில் தேடிப் பயனில்லை. ஒரு தலைவரைச் சுற்றி ஓர் அணி எத்தனை ஆண்டு கட்டிக் காக்கப்பட்டது என்பதில்தான் தேட வேண்டும்.

துரின் ஒலிம்பிக் எதையுமே விட்டுச் செல்லவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அது விட்டுச் சென்றது ரசிகர் கூட்டத்தை அல்ல, பனித்தளத்தை. ரெட்டோர்னாஸுடன் 2018, 2022 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் ஆடிய சிமோனே கோனின் பினெரோலோக்காரர். அணியின் மற்றோர் ஊற்று ட்ரென்டினோ மாகாணத்தின் செம்ப்ரா பள்ளத்தாக்கு. கல் குவாரிகளுக்கும் படிக்கட்டு வயல்களில் விளையும் திராட்சைக்கும் பெயர் பெற்ற மலைப்பகுதி. அமோஸ் மொசானர் அங்கிருந்து வந்தவர். செபாஸ்டியானோ அர்மான், மத்தியா ஜோவனெல்லா இருவரும் ட்ரென்டினோ வட்டாரத்தவர்களே. மூன்றாவது மையம், 1956 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய கோர்ட்டினா டாம்பெட்சோ. 2010-இல் உலக ஆண்கள் கர்லிங் போட்டியும் அங்கே நடந்தது. ஒரு சில ஊர்கள், சில மன்றங்கள், அவற்றுக்குள் தலைமுறை விட்டுத் தலைமுறைக்குப் போகும் அறிவு: இத்தாலியக் கர்லிங்கின் நிலவரைபடம் இவ்வளவுதான். இதோடு இன்னோர் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. இத்தாலியில் படைகளும் காவல்துறையும் தத்தம் விளையாட்டுப் பிரிவுகளில் வீரர்களைப் பணியில் அமர்த்துகின்றன. மொசானர் விமானப்படையின் விளையாட்டு மையத்தைச் சேர்ந்தவர். கோர்ட்டினாவின் ஸ்டெஃபானியா கொஸ்தான்தினி காவல்துறையின் ‘ஃபியாம்மே ஓரோ’ பிரிவைச் சேர்ந்தவர். பரிசுத் தொகையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத ஒரு விளையாட்டில், மாதச் சம்பளம் என்பது தொடர்ச்சிக்கான முதல் நிபந்தனை. வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் அணி கனடாவின் போட்டிச் சுற்றில் ஒரு பருவம் முழுக்கத் தங்கி ஆட முடியாது.

பலன் மெதுவாக வந்தது, ஆனால் வரிசையாக வந்தது. 2017 டிசம்பரில் செக் நாட்டின் பில்சென் நகரில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியின் வழியாக இத்தாலி 2018 பியாங்சாங் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. துரினுக்குப் பின் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. 2018 நவம்பரில் எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஐரோப்பிய வெண்கலம் கிடைத்தது. இத்தாலிய ஆண்கள் அணிக்கு 1979-க்குப் பிறகு கிடைத்த முதல் ஐரோப்பியப் பதக்கம் அது. 2021-இலும் 2022-இலும் மீண்டும் ஐரோப்பிய வெண்கலம். 2022 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்காவை 13-4 என்று வீழ்த்தி, உலக ஆண்கள் போட்டியில் இத்தாலியின் முதல் பதக்கத்தைப் பெற்றார்கள். 2022 டிசம்பரில் கனடாவின் ஓக்வில் நகரில் ‘மாஸ்டர்ஸ்’ பட்டம். கர்லிங்கின் கிராண்ட் ஸ்லாம் தொடரில் ஓர் இத்தாலிய அணி வென்ற முதல் பட்டம் இது. இறுதியாட்டத்தில் தோற்றவர் ஸ்வீடனின் நிக்லாஸ் எடின், அவருடைய காலத்தின் மிகச் சிறந்த ஸ்கிப்களில் ஒருவர். 2023 உலகப் போட்டியில் நான்காம் இடம். அதே ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘டூர் சேலஞ்ச்’, ‘நேஷனல்’, ‘மாஸ்டர்ஸ்’ என்று மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் அடுத்தடுத்து. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசனில் ஸ்காட்லாந்தை வென்று மீண்டும் உலக வெண்கலம். அப்போது ரெட்டோர்னாஸுக்கு வயது 40. அவருடைய சிறந்த ஆண்டுகள் முப்பத்தைந்து வயதுக்குப் பின்னரே வந்தன என்பது இந்தப் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் விளங்கும்.

இதே பட்டியலுக்குள் இன்னொரு சான்று பொதிந்திருக்கிறது. 2006-இல் பினெரோலோவில் மோதிய இரண்டு இளம் ஸ்கிப்கள் ரெட்டோர்னாஸும் குஷுவும். 2022 லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் எடின் தங்கம், குஷு வெள்ளி, ரெட்டோர்னாஸ் வெண்கலம். 2024 ஷாஃப்ஹௌசனிலும் அதே மூவர், அதே வரிசை. இருபதுகளில் எதிரெதிரே நின்றவர்கள் நாற்பதை ஒட்டிய வயதில் ஒரே பதக்க மேடையில் நின்றார்கள். ஆனால் அந்த இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்த பாதைகள் வேறு. லட்சக்கணக்கானோர் கர்லிங் ஆடும் கனடாவில் நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் முதலில் தேசியப் போட்டியை வென்றாக வேண்டும். அந்தக் கடும் போட்டி நல்ல அணிகளை உருவாக்குகிறது, அதே வேகத்தில் கலைத்தும் விடுகிறது. ஒவ்வோர் ஒலிம்பிக் சுற்று முடிந்ததும் கனடா அணிகளில் ஆட்கள் இடம் மாறுவது வழக்கமான செய்தி. இத்தாலியில் தேர்வதற்கு ஆள் குறைவு. குறைபாடாகத் தெரியும் அதுவே ஒரு வசதியாகவும் ஆயிற்று. ரெட்டோர்னாஸ், மொசானர் என்ற இணை பியாங்சாங்குக்கு முன்பே தொடங்கி மேலே சொன்ன பதக்கங்கள் முழுவதிலும் உடைபடாமல் இருந்தது. அர்மானும் நெடுங்காலம் உடனிருந்தார். ஒரு கல் கையை விட்டுப் புறப்பட்ட கணத்தில் அது எங்கே நிற்கும் என்பதை நால்வரும் ஒரே மாதிரி கணிக்கப் பழகுவது, அதே நால்வர் பல பருவங்கள் சேர்ந்து ஆடினால் மட்டுமே வாய்க்கும். மரத்தை அடிக்கடி பிடுங்கி நட்டால் வேர் பிடிக்காது என்பது வயலில் மட்டும் உண்மையல்ல.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழக்கூடிய கேள்வி ஒலிம்பிக்கைப் பற்றியது. 2018 பியாங்சாங்கில் ஒன்பது ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஒன்பதாம் இடம். 2022 பெய்ஜிங்கிலும் அதே மூன்று வெற்றி, அதே ஒன்பதாம் இடம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மேடையில் இருமுறை சறுக்கிய ஒருவரை வெற்றியின் சான்றாகக் காட்டலாமா? இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெரிய மேடையின் நெருக்கடி இந்த அணியைப் பாதித்திருக்கலாம். 2018-இல் அது இன்னும் முதிராத அணி என்பதும் உண்மை. ஆனால் பெய்ஜிங்கில் ஒன்பதாம் இடத்தில் முடித்த அதே தலைவரின் அணி இரண்டே மாதத்தில் உலகப் பதக்கம் வென்றது. இரண்டு மாதத்தில் எவருடைய திறமையும் தலைகீழாக மாறிவிடாது. ஒன்பது ஆட்டங்கள் கொண்ட லீக் சுற்றில் இரண்டு ஆட்டங்கள் ஒரு விரற்கடை தூரத்தில் கைநழுவினாலே ஓர் அணி நான்காம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்கு இறங்கிவிடும். ஒலிம்பிக்கை மட்டும் வைத்து அளந்தால், ஒரு தொழிலை அதன் இரண்டு மோசமான வாரங்களை வைத்து அளப்பதாகிவிடும். ஆறு ஆண்டுப் பதக்க வரிசை அதைவிட நம்பகமான அளவுகோல்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. இத்தாலியின் எழுச்சி மொசானர் என்ற அரிய திறமையின் எழுச்சி, ரெட்டோர்னாஸ் அவர் அருகில் இருந்தார் என்பது மட்டுமே உண்மை என்று ஒருவர் சொல்லலாம். சான்றும் காட்டலாம்: 2022 பெய்ஜிங்கில் கலப்பு இரட்டையர் பிரிவில் மொசானரும் கொஸ்தான்தினியும் ஆடிய பதினொரு ஆட்டங்களையும் வென்றார்கள், லீக் சுற்றில் கனடாவை 8-7 என்றும், அரையிறுதியில் ஸ்வீடனை 8-1 என்றும், இறுதியில் நார்வேயை 8-5 என்றும் வீழ்த்தித் தங்கம் பெற்றார்கள். இத்தாலிக்குக் கர்லிங்கில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். 2025-இல் அதே இணை கனடாவின் ஃபிரெடரிக்டனில் உலகப் பட்டத்தையும் வென்றது. இவை எதிலும் ரெட்டோர்னாஸ் இல்லை. மொசானரின் திறமையைக் குறைத்துச் சொல்ல எந்தத் தேவையும் இல்லை. ஆனால் 1995-இல் பிறந்த மொசானருக்குத் துரின் ஒலிம்பிக்கின்போது வயது பத்து. அவர் சர்வதேச ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, தோல்விகளினூடே ஒலிம்பிக் அனுபவத்தைச் சுமந்து நின்ற ஒரு தலைவர் அங்கே காத்திருந்தார். திறமைசாலி தனியாக வந்திருந்தால் முதல் பத்தாண்டுகளைப் பாதை வெட்டுவதிலேயே கழித்திருப்பார். அந்த வேலையை முந்தைய தலைமுறை முடித்து வைத்திருந்ததால்தான் 26 வயதில் அவர் தங்கம் வெல்ல முடிந்தது. கொஸ்தான்தினிக்கு அப்போது 22. அவர் வளர்ந்த கோர்ட்டினாவில் பனித்தளமும் கர்லிங் மரபும் அவருக்கு முன்பே இருந்தன. இந்தத் தங்கம் ரெட்டோர்னாஸுடையது அல்ல. ஆனால் தொடர்ச்சி என்ற அதே மண்ணில்தான் அதுவும் விளைந்தது.

மூன்றாவதாக, கர்லிங் உலகமே சிறியது, அதனால்தான் சிறு நாடுகளும் வெல்கின்றன, இதில் பெரிதாகப் படிக்க ஒன்றுமில்லை என்ற வாதம் உண்டு. முதல் பாதி சரி, முடிவு தவறு. கிராண்ட் ஸ்லாம் தொடர் கனடாவில் வேரூன்றியது. தரவரிசைப்படி உலகின் முன்னணி அணிகளை அழைப்பது. கனடா, ஸ்காட்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து அணிகள் வாரக்கணக்கில் மோதும் அந்தக் களத்தில் ஒரே இலையுதிர் பருவத்தில் மூன்று பட்டங்களை வரிசையாக எடுப்பது தற்செயல் ஆகாது. மேலும், சிறிய விளையாட்டு என்பதே போதுமான காரணமென்றால் அதே அளவில் கர்லிங் ஆடும் மற்ற ஐரோப்பிய நாடுகளும் இந்த உயரத்தை எட்டியிருக்க வேண்டும். பெரும்பாலானவை எட்டவில்லை. சிறிய விளையாட்டு கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே நடந்து வருவதற்கு ஒரே குழு பல ஆண்டுகள் சிறந்த எதிராளிகளிடம் தோற்கத் தயாராக இருக்க வேண்டும். ரெட்டோர்னாஸின் அணி கனடாவுக்குப் போய் ஆடியதன் பயன் அங்கே வென்ற பட்டங்களில் மட்டும் இல்லை. அதற்கு முன் அங்கே வாங்கிய தோல்விகளிலும் இருக்கிறது.

இந்த வாதத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தொடர்ச்சியை நம்பி நிற்கும் அமைப்பு, தொடர்ந்தவர்கள் ஓய்வு பெறும் நாளில் ஆட்டம் காணும். நான்கைந்து பேரின் முழங்காலும் குடும்பச் சூழலும் ஒரு நாட்டின் விளையாட்டு எதிர்காலத்தைத் தீர்மானிப்பது ஆரோக்கியமான நிலை அல்ல. கனடாவில் ஒரு பெரிய ஸ்கிப் விலகினால் அவர் இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். இத்தாலியில் அப்படி இல்லை. ஆகவே எண்ணிக்கை எப்போதுமே தேவையில்லை என்று இந்த வரலாறு சொல்லவில்லை. உயரத்தை எட்டுவதற்கு எண்ணிக்கை முன்நிபந்தனை அல்ல, எட்டிய உயரத்தைத் தலைமுறைகள் தாண்டித் தக்கவைக்க அது தேவை என்றே சொல்கிறது. இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பல நாடுகள் ஒலிம்பிக் முடிந்த மறுநாள் ஆயிரம் சிறுவர்களைத் திரட்டும் திட்டத்தைத் தொடங்கி, அவர்களுக்குக் கற்றுத்தர ஐந்து அனுபவசாலிகளைக்கூட வைத்திருக்காமல், இரண்டே ஆண்டில் கைவிடுகின்றன.

ரெட்டோர்னாஸின் ஆட்ட வாழ்க்கை தரும் பாடம் ஆகவே நடைமுறைக்கு உரியது. புதிதாக ஒரு விளையாட்டை வளர்க்க விரும்பும் நாடோ மாகாணமோ மன்றமோ முதலில் கேட்க வேண்டியது எத்தனை பேர் வருவார்கள் என்பதல்ல. இப்போது இருப்பவர்களில் யார் இன்னும் பதினைந்து ஆண்டுகள் இதில் நிற்கக்கூடும், அவர்கள் நிற்பதற்கு என்ன வேண்டும் என்பதுதான். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு தளம், நிலையான வருமானம், தங்களைவிடச் சிறந்தவர்களோடு அடிக்கடி மோதும் வாய்ப்பு, பதக்கம் வராத ஆண்டுகளிலும் நிதியை நிறுத்தாத ஒரு சம்மேளனம்: இவற்றைக் கொடுத்தால் சிலரே போதும் என்று இத்தாலியின் வரலாறு காட்டுகிறது. 2010-இலும் 2014-இலும் ஒலிம்பிக்கை வீட்டிலிருந்து பார்க்க நேர்ந்தபோது ரெட்டோர்னாஸ் விலகியிருந்தால் அதை யாரும் தோல்வி என்றுகூடக் குறித்திருக்க மாட்டார்கள். ஒரு கோடைமழைப் புகழின் இயல்பான முடிவு என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் விலகாததன் மதிப்பு பத்தாண்டுகள் கழித்தே எண்களில் தெரிந்தது. விளையாட்டுக்கு நிதி ஒதுக்குவோர் அடுத்த ஒலிம்பிக்கைத் தாண்டிப் பார்க்கப் பழகாதவரை, இப்படிப்பட்ட வாழ்க்கைகள் திட்டத்தால் அன்றித் தனிமனித உறுதியால் மட்டுமே உருவாகும். அந்த உறுதியை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. அதைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பைக் கட்டுவதே பொறுப்புள்ளவர்களின் கடமை.